விரிதாள் கணக்கை இணையத் தரவுத்தளத்தில் ஏற்றுதல்

சாகுபடிக் கணக்கை ஒழுங்காக வைப்பதால் விளையும் நன்மையைக் குடியானவர்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. விதைத்த தேதி, இட்ட உரம், பெய்த மழை, கண்ட மகசூல் ஆகியவற்றைப் போகந்தோறும் குறித்து வந்தவரே, அடுத்த போகத்தில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று தீர்மானிக்க வல்லவராவர். முன்னாளில் நோட்டுப் புத்தகங்களில் எழுதப்பட்டு வந்த இக்கணக்குகள் இப்பொழுது பெரும்பாலும் கணிப்பொறியின் விரிதாள்களில் எழுதப்படுகின்றன. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், கூட்டுறவுச் சங்கங்களும், விதைப் பண்ணைகளும் தத்தம் அங்கத்தினர் விவரம், நில விவரம், மண் பரிசோதனை முடிவு முதலியவற்றை எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாள்களில் சேர்த்து வைக்கின்றன.

கணக்கு சிறிதாயிருக்கும் வரையில் இம்முறை போதுமானதே. அங்கத்தினர் தொகை நூற்றைக் கடந்து ஆயிரத்தை எட்டும்போதும், ஒரே கணக்கைப் பலர் பல ஊர்களிலிருந்து எழுத நேரும்போதும், எந்தப் பிரதி சரியானது என்பதே விளங்காமற் போகிறது. அந்நிலையில் கணக்கை இணையவழித் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றிப் பொதுவில் வைத்து நடத்துவது மிக்க சௌகரியமானது. ஏற்றும் வேலை சில நிமிஷங்களில் முடிந்துவிடும். முடிந்ததாகக் கருவியும் அறிவிக்கும். ஆயினும், ஏற்றத்தில் கெடும் விவரம் சப்தமின்றிக் கெடுகிறது என்பதே இவ்விஷயத்தில் முதன்மையாக அறிய வேண்டுவது. மடையில் உடைப்பு ஏற்பட்டால் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கணக்கில் ஏற்படும் உடைப்போ, தமக்குச் சேரவேண்டிய தொகை வரவில்லையென்று குடியானவர் சங்கத்தின் வாயிலில் வந்து நிற்கும்போதுதான் தெரியவரும். ஆதலின், எந்தெந்த இடத்தில் உடைப்பு நேரும், அதை முன்கூட்டியே அடைப்பது எவ்வாறு என்பன இங்கு வரிசையாகக் கூறப்படுகின்றன.

விரிதாளும் தரவுத்தளமும்

இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் கட்டங்களாகவே தோன்றினும், தன்மையில் வேறானவை. விரிதாள் 1979-ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய விசிகால்க் என்ற சாதனத்தின் வாயிலாகப் பரவியது. அதன் நோக்கம், காகிதத்தில் கோடிட்டுக் கணக்குப் போடுபவர் ஓர் எண்ணை மாற்றியவுடன் மற்றைய எண்களும் தாமே மாறுமாறு செய்தல். ஆதலின் அதன் கட்டம் எதையும் ஏற்கும். ஒரே பத்தியில் மேல்வரியில் எண்ணும், அடுத்த வரியில் "தெரியாது" என்ற சொல்லும், அதற்கடுத்த வரியில் தேதியும் எழுதலாம், தாள் தடுப்பதில்லை.

தரவுத்தளத்தின் அடிப்படைக் கொள்கையை 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் வெளியிட்டார். இதில் ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு பொருளைப் பற்றியதாயும், ஒவ்வொரு பத்தியும் ஒரே வகை விவரத்தைக் கொண்டதாயும், ஒவ்வொரு வரிக்கும் பிறிதொன்றுக்கு இல்லாத அடையாள எண் உள்ளதாயும் இருத்தல் வேண்டும். இக்காலத்தில் ஏர்டேபிள், பேஸ்ரோ, நோகோடிபி முதலிய இணையவழிக் கருவிகள் இக்கொள்கையை, நிரல் எழுதத் தெரியாதவரும் கையாளத்தக்க வடிவில் அளிக்கின்றன.

விரிதாளிலிருந்து இவற்றுக்கு விவரத்தைக் கொண்டு செல்லும் பொதுவான வாகனம் சி.எஸ்.வி. என்னும் கோப்பாகும். இது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியும் அட்டவணையின் ஒரு வரி; பத்திகளுக்கிடையே ஒரு காற்புள்ளி; இவ்வளவே இதன் அமைப்பு. நெடுங்காலம் வழக்கிலிருந்த இதன் விதிகள் 2005-ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 4180 என்னும் குறிப்பில் தொகுக்கப்பட்டன. எழுத்து மட்டுமே கொண்டதாகையால், விரிதாளில் இருந்த நிறம், சூத்திரம், கட்டத்தோடு ஒட்டிய குறிப்பு, இணைத்த கட்டம் ஆகிய எதுவும் இதில் செல்லாது. ஒரு கோப்பில் பல தாள்கள் இருப்பின், எக்செலில் அப்பொழுது திறந்திருக்கும் தாள் மட்டுமே சி.எஸ்.வி.யாகச் சேமிக்கப்படும். கடன் பாக்கியுள்ள அங்கத்தினர் பெயர்களைச் சிவப்பு வண்ணத்தால் மட்டும் குறித்து வைத்திருக்கும் சங்கம், ஏற்றம் முடிந்தபின் பாக்கி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரித்தறிய இயலாது. ஆதலின் நிறத்தால் குறித்தவற்றைத் தனிப் பத்தி ஒன்றில் "உண்டு", "இல்லை" எனச் சொல்லால் எழுதிக்கொள்ளுதல் முதல் வேலையாகும்.

தாளைச் செப்பனிடுதல்

நாற்றைப் பறிக்குமுன் நடவு வயலைப் பரம்படித்துச் சமன் செய்வது போல, ஏற்றுமுன் விரிதாளைச் செப்பனிட வேண்டும். மூலக் கோப்பில் கை வைக்காமல், அதன் பிரதி ஒன்றில் இவ்வேலையைச் செய்வது நலம்.

தாளின் முதல் வரியில் பத்திகளின் தலைப்புகள் மட்டும் இருத்தல் வேண்டும். சங்கத்தின் பெயர், ஆண்டு, முகவரி முதலியவற்றை உச்சியில் பெரிய எழுத்தில் எழுதி அலங்கரித்திருந்தால் அவற்றை நீக்கிவிட வேண்டும். தலைப்புகள் இரண்டு வரிகளாக இருப்பின் ஒன்றாக்க வேண்டும். கிராமத்தின் பெயரை ஒருமுறை எழுதி, அதன் கீழுள்ள முப்பது கட்டங்களை இணைத்து வைத்திருப்பது அநேக தாள்களில் காணப்படும் வழக்கம். ஏற்றியபின் முதல் வரிக்கு மட்டுமே கிராமம் இருக்கும். மற்றைய இருபத்தொன்பது பேரும் ஊரில்லாதவராவர். ஆதலின் இணைப்பைப் பிரித்து ஒவ்வொரு வரியிலும் கிராமத்தின் பெயரை எழுத வேண்டும். இடையிடையே வரும் வெற்று வரிகளையும், "கிராம மொத்தம்" என்னும் கூட்டுத்தொகை வரிகளையும் நீக்க வேண்டும். நீக்காவிடில் தரவுத்தளம் மொத்தத்தையும் ஓர் அங்கத்தினராகவே எண்ணும். நிலப்பரப்பும் இருமடங்காகக் காட்டப்படும்.

ஒரு கட்டத்தில் ஒரு விவரமே இருத்தல் வேண்டும். "கோ 51, 2 ஏக்கர், நடவு" என மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தால் மூன்று பத்திகளாகப் பிரிக்க வேண்டும். நெல் ரகங்களின் பெயரும் ஒரே விதமாக எழுதப்பட வேண்டும். "ஆடுதுறை 43", "ஆடுதுறை-43", "ஏ.டி.டி. 43" என்று மூவர் மூவிதமாக எழுதினால், குடியானவருக்கு அவை ஒரே ரகம், தரவுத்தளத்துக்கோ மூன்று ரகங்கள். பெயரின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருப்பினும் அது வேறு ரகமாகவே கொள்ளப்படும்.

எண்போல் தோன்றும் குறியீடுகள்

எண்ணால் எழுதப்படுவன யாவும் எண்கள் அல்ல. கூட்டவும் கழிக்கவும் உரியவையே எண்கள், மற்றவை குறியீடுகள். நிலப்பரப்பு, உர அளவு, தொகை ஆகியவை எண்கள். வங்கிக் கணக்கு எண், கிராம எண், அங்கத்தினர் எண், சர்வே எண் ஆகியவை குறியீடுகள். குறியீட்டை எண்ணாக ஏற்றினால் மூன்று கேடுகள் நேர்கின்றன.

முதலாவது, முன்னிற்கும் பூஜ்யம் மறைதல். 007 என்னும் கிராம எண் 7 ஆகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண் ஓரிலக்கமோ ஈரிலக்கமோ குறைந்துபோகும். இரண்டாவது, நீண்ட எண்ணின் ஈற்றிலக்கங்கள் அழிதல். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16-ஆவது இலக்கம் முதல் யாவும் பூஜ்யமாகிவிடும். 16 இலக்கமுள்ள வங்கிக் கணக்கு எண்ணை வெறுங் கட்டத்தில் எழுதினால், எழுதிய அக்கணமே ஈற்றிலக்கம் போய்விடும். ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்துக் கணக்குத் தொடங்கிய குடியானவர்களின் எண்கள் ஈற்றிலக்கத்தால் மட்டுமே வேறுபடுவதும் உண்டு. அவ்விடத்தில் பலருடைய எண்கள் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது கேடு சர்வே எண்ணுக்கு நேர்வது. 12-ஆம் எண் புலத்தின் 3-ஆம் உட்பிரிவு என்பதைக் குறிக்க 12/3 என்று எழுதுவது வழக்கம். விரிதாள் இதைத் தேதியென்று கருதி, மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் என மாற்றிவிடுகிறது. பின்னர் அக்கட்டத்தை எழுத்து வகைக்கு மாற்றினாலும் 12/3 திரும்ப வருவதில்லை. 2024-ஆம் ஆண்டில் எழுதப்பட்டதாயின் 45363 என்னும் எண்ணே தோன்றும். விரிதாள் தேதிகளை 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து எண்ணிய நாட்களாக உள்ளே வைத்திருப்பதே இதன் காரணம். 105/2அ போன்ற உட்பிரிவுகள் தேதியாக இயலாதவையாதலின் மாறாமல் நிற்கும். ஒரே பத்தியில் சில வரிகள் கெட்டும் சில வரிகள் நன்றாயும் இருப்பதால், மேற்போக்காகப் பார்ப்பவர் கண்ணுக்குக் கேடு புலப்படாது.

இது சங்கக் கணக்கருக்கு மட்டும் நேரும் இடர் அன்று. உயிரணுக்களின் மரபணுப் பெயர்களில் செப்ட்2, மார்ச்1 என்றாற்போல் மாதப் பெயரை ஒத்தவை சில இருந்தன. அவற்றையும் எக்செல் தேதிகளாக மாற்றிவிட்டது. எக்செல் பட்டியல் இணைக்கப்பட்ட மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருந்ததாக 2016-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கண்டனர். இறுதியில் 2020-ஆம் ஆண்டில், பெயரிடும் குழுவினர் மரபணுக்களின் பெயர்களையே மாற்றும்படி நேர்ந்தது. சர்வே எண்ணை அவ்வாறு மாற்ற இயலாது. ஆதலின், எழுதத் தொடங்குமுன்னரே அப்பத்தி முழுவதையும் எழுத்து வகையாக அமைத்துக்கொள்வதே பரிகாரம். தரவுத்தளத்திலும் அப்பத்தியை எழுத்து வகையென்றே குறிக்க வேண்டும்.

இங்கு மற்றொரு கண்ணியும் உண்டு. நன்றாகச் சேமிக்கப்பட்ட சி.எஸ்.வி. கோப்பைச் சரிபார்க்கும் எண்ணத்தோடு எக்செலில் திறந்து மீண்டும் சேமித்தால், மேற்கூறிய கேடுகள் யாவும் அப்பொழுது புகும். இக்கோப்பை நோட்பேட் போன்ற எழுத்துச் சாதனத்தில் திறந்து பார்ப்பதே தக்கது.

தேதி

05/04/2024 என்பது இந்தியாவில் ஏப்ரல் 5. அமெரிக்க வழக்கில் மே 4. கருவி எந்த வழக்கைக் கொள்ளுமோ, அதற்கேற்பப் பொருள் மாறும். நாள் 12-க்கு மேற்பட்டதாயின் பதின்மூன்றாம் மாதம் இல்லாமையால் கருவி மறுத்து வெற்றிடமாக விடும். 12-க்கு உட்பட்டதாயின் மறுப்பின்றி மாற்றிக்கொள்ளும். மறுக்கப்பட்டவை கண்ணுக்குத் தெரியும், மாற்றப்பட்டவை தெரியா. ஜூன் 8-ஆம் நாள் விதைத்த குறுவையை 08/06 என எழுதியிருக்க, அது ஆகஸ்டு 6 என்று ஏறினால், அவ்வயல் சம்பாக் கணக்கில் சேர்ந்துவிடும். பயிரின் வயதும், மேலுரம் இடும் நாளும், அறுவடை நாளும் ஒருங்கே பிசகும்.

இதற்குப் பரிகாரம், ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் 2024-06-08 என எழுதுதலாம். ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச விதி இதுவே. இவ்வடிவில் இரு பொருளுக்கு இடமில்லை. தேதிப் பத்தி முழுவதையும் இவ்வடிவத்துக்கு மாற்றியபின்னரே சி.எஸ்.வி.யாகச் சேமிக்க வேண்டும். பழைய மாக்கின்டாஷ் கணிப்பொறிகளில் எழுதிய தாள்கள் 1904-ஆம் ஆண்டிலிருந்து நாட்களை எண்ணுவன. அத்தாள்களிலிருந்து எடுத்த தேதிகளை மற்றத் தாள்களில் ஒட்டினால் 1,462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், வேறுபடக்கூடும்.

வெற்றிடமும் பூஜ்யமும்

மழைமானியைப் பார்த்து, மழை இல்லையென்று கண்டால் எழுதுவது 0. மானியைப் பார்க்கவே இல்லையாயின் கட்டம் வெற்றாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள். ஏற்றும்பொழுது வெற்றிடங்களைப் பூஜ்யமாக நிரப்பிவிட்டால், இல்லாத வறட்சி கணக்கில் தோன்றும்.

மண் பரிசோதனையில் இதன் விளைவு கைச்செலவாகவே வந்து சேரும். 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 குணங்கள் அளக்கப்படுகின்றன. அவற்றுள் சாம்பல் சத்து ஒன்று. எக்டருக்கு 280 கிலோவுக்கு மேற்பட்டால் அது "அதிகம்" என்னும் தரம் பெறும். ஒரு கிராமத்தில் ஐந்து புலங்களுள் நான்கில் 280, 300, 260, 320 கிலோ எனக் கண்டு, ஐந்தாவது இன்னும் பரிசோதிக்கப்படவில்லை என்று கொள்க. நான்கின் சராசரி 290; தரம் "அதிகம்". ஐந்தாவது புலத்தின் வெற்றிடம் பூஜ்யமாக ஏறினால் சராசரி 232, தரம் "மத்திமம்". மண்ணில் யாதொரு மாற்றமும் இன்றியே, ஒரு வெற்றுக் கட்டத்தால் அக்கிராமத்தார் தேவைக்கு மிஞ்சிய பொட்டாஷ் உரத்தைக் காசு கொடுத்து வாங்க நேரும்.

ஆதலின் அளக்காதவற்றை வெற்றிடமாகவே விட வேண்டும். "இல்லை", "—", "பின்னர்" என்று எண் பத்தியில் எழுதுவதையும் விலக்க வேண்டும். காரணம் கூற வேண்டுமாயின் அதற்குத் தனிப் பத்தி வைத்துக்கொள்ளலாம்.

அளவைகள்

பட்டாவில் நிலப்பரப்பு எக்டர், ஏர் என்னும் அளவுகளில் உள்ளது. குடியானவர் வாயில் வழங்குவதோ ஏக்கரும் சென்டும். ஒரு எக்டர் 100 ஏர், ஏறத்தாழ 2.471 ஏக்கர். ஒரு பத்தியில் இரண்டு அளவைகளும் கலந்திருப்பின், 0.40 எக்டர் நிலம், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர், 40 சென்டு எனக் கொள்ளப்படும். அவ்வங்கத்தினருக்குக் கிடைக்கும் உரமும் விதையும் பாதிக்கும் குறைவாகிவிடும். தலைப்பிலேயே "பரப்பு எக்டரில்" என்று எழுதி, யாவற்றையும் அவ்வளவைக்கு மாற்ற வேண்டும்.

0 எக்டர் 40.50 ஏர் என்பதை அநேகர் 0.40.50 என எழுதுகின்றனர். இரண்டு புள்ளிகளுள்ள இது எண்ணாகாது. கருவி இதை வெற்றிடமாக விடலாம். அல்லது முற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 0.4050 என்று எழுதுவதே முறை. அவ்வாறே தொகைகளில் 1,25,000 என்று காற்புள்ளி இடுவதும், ரூபாய்க் குறி சேர்ப்பதும் கூடா. கையால் எழுதிய சி.எஸ்.வி. கோப்பில் அக்காற்புள்ளிகள் பத்தி பிரிக்கும் புள்ளிகளாகக் கொள்ளப்பட்டு, ஒரு தொகை மூன்று பத்திகளாகச் சிதறும். அவ்வரியின் மற்றை விவரங்களும் பக்கம் தள்ளிப்போகும். முகவரி போன்று காற்புள்ளி தவிர்க்க இயலாத விவரங்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். விரிதாளே சேமிக்கும்பொழுது இதனைத் தானே செய்துவிடும்.

தமிழ் எழுத்து

தமிழில் எழுதிய கணக்குகளுக்கு மேலும் சில கவனங்கள் வேண்டும். பழைய தாள்கள் பல, தனித்தனி எழுத்துருக்களைக் கொண்டு எழுதப்பட்டவை. அவ்வெழுத்துரு நீங்கினால் பொருளற்ற ரோமன் எழுத்துக்களே எஞ்சும். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை ஏற்றது. இன்றைய தரவுத்தளக் கருவிகளும் அம்முறையிலேயே இயங்குவன. பழைய தாளை முதலில் மாற்றுச் சாதனங்களின் உதவியால் யூனிகோடாக்கிக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சேமிக்கும்பொழுது யு.டி.எஃப்.-8 என்னும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் பெயர்கள் யாவும் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும்.

யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு வேறு வேறு. இவ்வாறே "சௌந்தரம்" என்னும் பெயரை ஔகாரக் குறியால் எழுதுவோரும், கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துச் "செளந்தரம்" என எழுதுவோரும் உளர். இதனால் ஒரே பெண்மணி இரண்டு அங்கத்தினராகப் பதிவாவதும், பெயரைத் தேடும்பொழுது கிடைக்காமற் போவதும் உண்டு. முன்னதை "யூனிகோடு இயல்பாக்கம்" செய்யும் சாதனத்தால் சீராக்கலாம்; பின்னதைக் கண்டுபிடித்துக் கையாலேயே திருத்த வேண்டும். ஆதலால் பெயரை ஒருபோதும் அடையாளமாகக் கொள்ளலாகாது. ஒவ்வோர் அங்கத்தினருக்கும் மாறாத எண் ஒன்று கொடுத்து அதனையே அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் நேர்ந்தது

எண்ணிப் பாராத ஏற்றம் எவ்வளவு பெரிய கேட்டை விளைக்கும் என்பதற்கு 2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது சான்று. கொரோனா நோய்ப் பரிசோதனை முடிவுகள் சி.எஸ்.வி. கோப்புகளாக அந்நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனத்துக்கு வந்தன. அவை பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றப்பட்டன. அப்பழைய வடிவம் ஒரு தாளில் 65,536 வரிகளை மட்டுமே கொள்ளும். 2007-ஆம் ஆண்டு முதல் வழங்கும் புதிய வடிவம் 10,48,576 வரிகளைக் கொள்வது. தாள் நிறைந்தபின் வந்த வரிகள் சப்தமின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 நோயாளிகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. நோயாளிகளுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தும், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை உரிய காலத்தில் நடைபெறவில்லை. அனுப்பிய வரிகளையும் ஏறிய வரிகளையும் அன்றன்று எண்ணி ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே வெளிப்பட்டிருக்கும் குறை அது.

ஏற்றும் முறை

தாள் செப்பனிடப்பட்டு, யு.டி.எஃப்.-8 வகைச் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கப்பட்ட பின், ஏற்றம் பின்வருமாறு நடைபெற வேண்டும்.

முதலில், ஏற்றுமுன் நிலையைக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மொத்த வரிகள் எத்தனை, மொத்தப் பரப்பு எவ்வளவு, ஒவ்வொரு பத்தியிலும் வெற்றுக் கட்டங்கள் எத்தனை என்னும் மூன்றும் போதும்.

இரண்டாவது, பத்து வரிகள் மட்டும் கொண்ட சிறு கோப்பு ஒன்றை ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்பத்து வரிகளும் எளியனவாயிராமல், பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண், 12/3 போன்ற சர்வே எண், 12-க்கு உட்பட்ட நாள், வெற்றுக் கட்டம், ஔகாரமுள்ள பெயர் ஆகியவை அடங்கியனவாக இருத்தல் நலம்.

மூன்றாவது, பத்திகளின் வகையைக் கருவியின் ஊகத்துக்கு விடாமல் ஏற்றுபவரே தீர்மானிக்க வேண்டும். பல கருவிகள் சில வரிகளைப் பார்த்து வகையை ஊகிக்கின்றன. அவ்வரிகளில் எண்கள் மட்டும் இருப்பின், பின்னர் வரும் எழுத்துக்கள் தள்ளப்படக்கூடும். ஐயமுள்ள பத்திகளை எழுத்து வகையாகவே ஏற்றிப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது, தொடர்புள்ள அட்டவணைகளை வரிசையறிந்து ஏற்ற வேண்டும். ஓர் அங்கத்தினருக்கு மூன்று புலங்கள் இருப்பின், விரிதாளில் "நிலம் 1", "நிலம் 2", "நிலம் 3" என மூன்று பத்திகள் இடுவர். தரவுத்தளத்தில் அங்கத்தினர் ஓர் அட்டவணை. புலங்கள் ஓர் அட்டவணை. மண் பரிசோதனை மற்றோர் அட்டவணை. அங்கத்தினரை முதலிலும், அவர் எண்ணைத் தாங்கிய புலங்களை அடுத்தும், பரிசோதனைகளை இறுதியிலும் ஏற்ற வேண்டும். மாறி ஏற்றினால் உடையவர் இல்லாத புலங்கள் தோன்றும்.

ஐந்தாவது, இடையில் இணைப்பு அறுந்தால் உடனே மீண்டும் ஏற்றலாகாது. எத்தனை வரிகள் ஏறின என்று பார்த்து, ஏறியவற்றை நீக்கிவிட்டோ, அடையாள எண்ணைக் கொண்டு பொருத்தும்படி கருவிக்குக் கூறியோதான் மறுபடி ஏற்ற வேண்டும். இல்லையேல் ஒவ்வோர் அங்கத்தினரும் இருமுறை பதிவாவர்.

இறுதியாக, முன்பு காகிதத்தில் குறித்த மூன்று எண்களையும் தரவுத்தளத்தில் கண்ட எண்களோடு ஒப்பிட வேண்டும். அதன்மேல் முதல் வரி, இறுதி வரி, இடையே பத்து வரிகள் ஆகியவற்றை மூல ஏட்டோடு நேரில் ஒத்துப்பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு எண்களை மட்டும் ஒன்றுவிடாமல் ஒத்துப்பார்ப்பதே தக்கது.

பாதுகாப்பு

இணையத்தில் வைத்த கணக்கு என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணலாகாது. கூகுள் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய ஃப்யூஷன் டேபிள்ஸ் என்னும் இத்தகைய கருவி, 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் நாள் மூடப்பட்டது. தம் விவரங்களை முன்னரே இறக்கிக்கொண்டவர்களுக்கு நஷ்டமில்லை. ஆதலின் மாதம் ஒருமுறையேனும் தரவுத்தளத்திலிருந்து சி.எஸ்.வி. பிரதியை இறக்கித் தனியே காத்து வைக்க வேண்டும். முதன்முதல் ஏற்றிய மூலக் கோப்பையும் அழிக்கலாகாது.

குடியானவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண் ஆகியவை அவர்களுடைய சொந்த உடைமை. பயிர் விவரத்துக்குத் தேவையற்றவற்றை ஏற்றாமலிருப்பதே சிறந்த காப்பு. ஏற்ற நேர்ந்தவற்றைத் தனி அட்டவணையில் வைத்து, உரிய அலுவலர் மட்டும் காணுமாறு அமைக்க வேண்டும். இணைப்பு முகவரி தெரிந்த எவரும் பார்க்கலாம் என்னும் ஏற்பாட்டை இவ்வட்டவணைக்கு அளிக்கலாகாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறர் விவரத்தை வைத்திருப்போர்க்குக் கடமைகளை விதித்திருப்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இங்குக் கூறிய முறைகளுக்கு மிகுந்த கல்வியோ பெருஞ்செலவோ வேண்டுவதில்லை. தாளைச் செப்பனிட ஒரு நாளும், ஒத்துப்பார்க்க ஒரு நாளும் ஒதுக்கும் பொறுமையே வேண்டும். நெல்லை மூட்டை கட்டிக் களத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும் குடியானவர், களத்தில் எண்ணிய மூட்டைகளை வீட்டில் இறக்கும்பொழுதும் எண்ணத் தவறுவதில்லை. கணக்கை அனுப்பும்பொழுதும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளும் சங்கத்தில், எந்த அங்கத்தினரும் தமக்குரியதை இழக்கமாட்டார்.